சின்னத்திரையும் பிறவாத பெண்ணும்

ஒரு நாட்டு மக்கள் எதைக் கண்டு கண்ணீர் வடிக்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர் அந்நாட்டின் தொலைக்காட்சியைப் பார்த்தால் போதும். கண்ணீரைத் துடைத்துக்கொண்ட பின் அவர்கள் என்ன செய்கின்றனர் என்பதை அறிய விரும்பினால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில்தான் திறனாய்வாளனுக்கு வேலை பிறக்கிறது.

இந்தியாவில் பெண்கருக்கொலையையும், அதற்கு வேராக உள்ள ஆண்மகவு வேட்கையையும் கண்டித்துத் தொலைக்காட்சி பல நிகழ்ச்சிகளை வழங்கியிருக்கிறது. நாடகத் தொடராகச் சிலவும், உண்மை மாந்தரின் வாக்குமூலமாகச் சிலவும் வந்தன. கதை, பாத்திரம், உரையாடல், உணர்ச்சி ஆகிய நான்கு தூண்களின்மீதே அவை நிற்கின்றன. ஆதலால், நாவலையும் நாடகத்தையும் அளக்கும் கோலைக் கொண்டே அவற்றையும் அளக்கலாம். இந்தியத் தமிழ் அலைவரிசைகள் நம் மலேசிய இல்லங்களிலும் நாள்தோறும் ஒளிர்கின்றன. நம் மாணவர்கள் பாடநூலில் படிக்கும் தமிழைக் காட்டிலும் மிகுதியான தமிழைச் சின்னத்திரையில் கேட்கின்றனர். எனவே, இவ்வாராய்ச்சி நமக்குத் தொலைவான ஒன்றன்று.

சிக்கலின் உருவம்

முதற்கண் இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்வோம். பிறந்த பெண்குழந்தையைக் கொல்வது பெண்சிசுக்கொலை. பிறக்குமுன், கருவின் பாலினத்தைக் கருவியால் அறிந்து, பெண்ணென்றால் கலைத்துவிடுவது பெண்கருக்கொலை. முன்னதற்குக் கள்ளிப்பாலும் நெல்மணியும் கருவியாயின. பின்னதற்குப் பனிக்குட நீர்ச் சோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் கருவியாயின. முன்னது பெரும்பாலும் வறுமையின் இருட்டில் நிகழ்ந்தது. பின்னதோ குளிரூட்டப்பட்ட அறையில், கட்டணம் செலுத்தி, பட்டம் பெற்றவரின் கையால் நிகழ்வது. இவ்வேறுபாட்டை மறந்த நிகழ்ச்சி எதுவாயினும் பாதி உண்மையையே பேசுகிறது எனலாம்.

இயற்கையில் ஏறத்தாழ 1,000 ஆண் குழந்தைகளுக்கு 950 பெண் குழந்தைகள் பிறக்கின்றன. இந்தியாவில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1981இல் 962 பெண் குழந்தைகள் இருந்தனர். 1991இல் அவ்வெண் 945 ஆகவும், 2001இல் 927 ஆகவும், 2011இல் 919 ஆகவும் தேய்ந்தது. செல்வமும் கல்வியும் மருத்துவ வசதியும் பெருகிய முப்பதாண்டுகளில் நிகழ்ந்த தேய்வு இது. வறுமை மட்டுமே காரணமாயின், வளமார்ந்த பஞ்சாபில் 2001இல் இவ்வெண் 798 ஆகவும், அரியானாவில் 819 ஆகவும் இருந்திருக்க வேண்டியதில்லை.

தமிழகமும் இப்பழியினின்று நீங்கியதன்று. உசிலம்பட்டி வட்டாரத்துச் சிசுக்கொலைகளை 1986இல் ‘இந்தியா டுடே’ இதழ் வெளிப்படுத்தியது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. கருவின் பாலினம் அறிதலைத் தடுக்கும் நடுவண் அரசின் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. சட்டம் இருந்தது, ஸ்கேன் நிலையங்களும் இருந்தன. மக்கள் மனத்தை மாற்றும் பொறுப்பு மட்டும் ஊடகத்தின் தோளில் ஏற்றப்பட்டது.

நாடகம் தந்த முதற்பாடம்

இந்தியத் தொலைக்காட்சியின் முதல் நெடுந்தொடராகிய ‘ஹம் லோக்’ 1984 முதல் 1985 வரை தூர்தர்சனில் ஒளிபரப்பாயிற்று. கதைவழிச் சமுதாயக் கல்வி புகட்டலாம் என்று மெக்சிகோவில் மிகேல் சபிதோ வகுத்த முறையைத் தழுவி, மனோகர் சியாம் ஜோசி எழுதிய தொடர் அது. குடும்பநலத்தையும் பெண்களின் நிலை உயர்வையும் வலியுறுத்துவதே அதன் நோக்கம். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் மூத்த நடிகர் அசோக் குமார் தோன்றி அறவுரை கூறுவார். அவர்க்கு நேயர்கள் எழுதிய மடல்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவை. தொடக்கப் பகுதிகளில் அறிவுரை மிகுந்து கதை மெலிந்ததால் நேயர்கள் சலிப்புற்றனர். பின்னர் அறிவுரையைக் குறைத்துக் கதையைக் கூட்டினர்.

இத்தொடரில் வரும் தாய் பாகவந்தி. கணவனின் குடியையும் மாமியாரின் வசையையும் வாய்திறவாமல் பொறுத்துக்கொள்பவள் அவள். இவ்வாறு பொறுத்துக் கிடத்தல் தகாது என்று காட்டவே ஆசிரியர் அவளைப் படைத்தார். ஆனால் நிகழ்ந்தது வேறு. தொடரை ஆராய்ந்த அறிஞர்கள் நேயர்களைக் கேட்டபோது, பெண்கள் பலர் பாகவந்தியையே தாம் பின்பற்றத்தக்க உத்தமியாகக் கொண்டிருந்தமை தெரியவந்தது. எச்சரிக்கையாக வைத்த பாத்திரம் எடுத்துக்காட்டாக மாறிவிட்டது.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. ஆசிரியர் கருதியது ஒன்று, படிப்பவர் கொள்வது ஒன்று என்பதை வகுப்பறையில் நாம் நாள்தோறும் காண்கிறோம். துன்பத்தை அழகாகக் காட்டினால், துன்பப்படுதலே அழகு என்று மனம் கொண்டுவிடும். பெண்ணின் கண்ணீரைக் காட்டி விழிப்புணர்வு ஊட்ட முனையும் எந்தப் படைப்பும் இவ்விடரை எதிர்கொண்டே தீரவேண்டும்.

கொடுமைக்காரி கதைத்தலைவி ஆனது

2009இல் ‘கலர்ஸ்’ அலைவரிசையில் தொடங்கிய ‘நா ஆனா இஸ் தேஸ் லாடோ’ என்னும் இந்தித் தொடர் நேரடியாகவே பெண்சிசுக்கொலையைக் கருப்பொருளாகக் கொண்டது. ‘இந்த நாட்டிற்கு வாராதே, மகளே’ என்பது அத்தலைப்பின் பொருள். அரியானாவில் வீர்பூர் என்னும் கற்பனைச் சிற்றூர். அதனை ஆள்பவள் அம்மாஜி என்னும் மூதாட்டி. அவள் ஆணைப்படி அவ்வூரில் பெண்மகவு வாழ இயலாது. அவளை எதிர்த்து நிற்க வருகிறாள் சியா என்னும் இளம்பெண்.

தொடக்கம் அஞ்சாநெஞ்சம் உடையதுதான். மாலை வேளையில் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கும் திரையில் இக்கொடுமையைப் பேசியதே ஒரு துணிவு. ஆயினும், தொடர் வளர வளர ஊர்ப்பழி குடும்பப் பகையாகச் சுருங்கிற்று. நேயர்களை ஈர்த்தவள் அம்மாஜியே. அவளுடைய நடையும் அதட்டலும் பேச்சும் பெயர்பெற்றன. தொடரின் முகமாக அவளே ஆனாள். கொல்லப்பட்ட குழந்தைகளோ கதையினின்று மெல்ல மறைந்தனர்.

இங்கே கலைக்குறை ஒன்றும் கருத்துக்குறை ஒன்றும் கைகோத்துள்ளன. பழியனைத்தும் ஒரு மூதாட்டியின் தலையில் சுமத்தப்படும்போது, பார்ப்பவர் மனம் இலேசாகிவிடுகிறது. ‘அவள் கொடியவள், நான் அவளல்லேன்’ என்று நிம்மதியாக உறங்கச் செல்லலாம். சிற்றூர், முக்காடு, எழுத்தறியாமை ஆகிய திரைச்சீலைகள் நகரத்து நேயரைக் குற்றத்தினின்று காக்கின்றன. மகளுக்கு நிலத்தில் பங்கு கொடுக்க மனமில்லாத தந்தை, வரதட்சணைக் கணக்குப் போடும் மாப்பிள்ளை வீட்டார், ஸ்கேன் கருவிக்கு வாங்கிய கடனை அடைக்க வேண்டிய மருத்துவர் ஆகியோர் மேடைக்கே வருவதில்லை.

நம் தமிழ்த் திரைப்படத்திலும் இதன் சாயலைக் காணலாம். பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ 1994இல் வெளிவந்து, குடும்பநலப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. சிசுக்கொலையைத் தமிழர் மனச்சான்றின்முன் நிறுத்திய படம் அது. அதன் சிறப்பை யாரும் மறுக்கவியலாது. அதிலே கொலைக்குத் தப்பிய மகள் மருத்துவராக ஊருக்குத் திரும்புகிறாள். கல்வியே மீட்பு என்பது படத்தின் நம்பிக்கை. அதே 1994ஆம் ஆண்டில்தான் மருத்துவமனைகளில் பாலினம் அறிதலைத் தடுக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், வரலாற்றின் முரண் நம் உள்ளத்தைச் சுடுகிறது. கதையில் மருத்துவர் மீட்பராக வந்தார். நாட்டில், மருத்துவரைக் கட்டுப்படுத்தவே சட்டம் தேவைப்பட்டது.

உண்மையைப் பேசிய ஒரு ஞாயிறு

2012 மே 6ஆம் நாள், ஞாயிறு முற்பகலில், நடிகர் ஆமிர் கான் நடத்திய ‘சத்யமேவ ஜெயதே’ தொடங்கிற்று. ஸ்டார் குழும அலைவரிசைகளும் தூர்தர்சனும் ஒரே வேளையில் ஒளிபரப்பின. ஸ்டார் விஜய் வழியாகத் தமிழிலும் வந்தது. அதன் முதற்பகுதிக்கு எடுத்துக்கொண்ட பொருள் பெண்கருக்கொலை.

முன்னைய தொடர்களில் காணாத இரு நன்மைகள் இதில் இருந்தன. முதலாவது, குற்றம் எங்கே நிகழ்கிறது என்பதை இது சரியாகச் சுட்டியது. அரங்கத்தில் அமர்ந்து பேசிய தாய்மாருள் நகரத்தவரும் இருந்தனர்; படித்தவரும் இருந்தனர்; ஒருவர் தாமே மருத்துவர். ‘இது பட்டிக்காட்டுப் பழக்கம்’ என்னும் பொய் அன்றைக்கு உடைந்தது. இரண்டாவது, மருத்துவரையும் சட்டத்தையும் இது பெயர்சொல்லிப் பேசியது. இராசத்தானில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர்களின் சட்டமீறலை மறைகேமராவால் பதிவுசெய்த மீனா சர்மா, ஸ்ரீபால் சக்தாவத் என்னும் செய்தியாளர் இருவரும், வழக்குகள் பல ஊர் நீதிமன்றங்களில் சிதறிக்கிடப்பதையும் அவற்றுக்காகத் தாம் அலைவதையும் எடுத்துரைத்தனர். நிகழ்ச்சி அத்துடன் நிற்கவில்லை. ஆமிர் கான் இராசத்தான் முதலமைச்சர் அசோக் கெலாட்டைச் சந்தித்தார். விரைவு நீதிமன்றம் அமைய முயல்வதாக முதலமைச்சரும் உறுதியளித்தார். ‘அழுங்கள்’ என்று சொல்லும் நிகழ்ச்சிகள் பல. ‘இதைச் செய்யுங்கள்’ என்று குறித்த ஒருவரை நோக்கிச் சொன்ன நிகழ்ச்சி இது. அவ்வகையில் இது பாராட்டத்தக்கது.

ஆயினும் குறையும் கூறவேண்டும். பெண் குறைந்த ஊர்களில் மணப்பெண் கிடைக்காமல் ஆடவர் தவிப்பதும், பிற மாநிலங்களிலிருந்து பெண்கள் விலைக்குக் கொண்டுவரப்படுவதும் இந்நிகழ்ச்சியில் எடுத்துக்காட்டப்பட்டன. அவை உண்மைதான். ஆனால், விழிப்புணர்வுப் பேச்சுகளில் இவ்வாதம் ஓர் ஆபத்தான வடிவம் எடுக்கிறது. ‘பெண் இல்லையேல் உன் மகனுக்கு மனைவி யார்? உனக்குத் தாய் யார்?’ என்று கேட்பது பெண்ணுக்காகப் பரிந்து பேசுவதுபோல் தோன்றினும், ஆணுக்குப் பயன்படுவதால்தான் அவள் வாழவேண்டும் என்றே முடிகிறது. தாயாகவும் மனைவியாகவும் ஆகமாட்டாத பெண்ணுக்கு வாழ்வுரிமை இல்லையா? மகன் வேட்கையைக் கண்டிக்க வந்த வாதம், மகனின் தேவையையே அளவுகோலாகக் கொள்ளுமாயின், அது வேரை விட்டு இலையைக் கிள்ளுவதாகும்.

மற்றொரு குழப்பமும் உண்டு. இந்தியாவில் குறித்த வரம்புக்குட்பட்ட கருக்கலைப்பு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்கப்பட்டது. தடுக்கப்பட்டது பாலினம் அறிதலும், அதன்வழிப் பெண்கருவைத் தேர்ந்து அழித்தலுமே. விழிப்புணர்வு விளம்பரங்கள் பல, கருக்கலைப்பு அனைத்தையும் கொலையெனச் சித்திரித்துத் தாயைக் குற்றவாளியாக்குகின்றன. உடல்நலக் காரணத்தால் சட்டப்படி மருத்துவ உதவி நாடும் பெண்ணும் இதனால் அஞ்சி ஒதுங்க நேர்கிறது. பெண்ணைக் காக்க எழுந்த குரல் பெண்ணையே அச்சுறுத்தலாகாது.

விழிப்புணர்வு மணியும் மற்றை மணிகளும்

இனி, நம் திறனாய்வின் மையக் கருத்துக்கு வருவோம். அறிவுரை நிகழ்ச்சி ஒரு மணி நேரம் ஓடுகிறது. அன்றைய நாளின் எஞ்சிய மணி நேரமெல்லாம் அதே திரையில் என்ன ஓடுகிறது?

2001 முதல் 2003 வரையிலான காலத்தில் இந்தியச் சிற்றூர்களுக்குக் கேபிள் தொலைக்காட்சி புதிதாக வந்தபோது என்ன நேர்ந்தது என்பதை ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் பொருளியலறிஞர் இருவர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. கேபிள் வந்த ஊர்களில், மகனே வேண்டும் என்று கூறிய பெண்களின் தொகை குறைந்தது. மனைவியை அடித்தல் சரியே என்று கூறியவர் தொகையும் குறைந்தது. வியப்பு யாதெனில், அம்மக்கள் விரும்பிப் பார்த்தவை விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் அல்ல. வெறும் பொழுதுபோக்குத் தொடர்களே. அத்தொடர்களில் நகரத்துப் பெண் வேலைக்குச் சென்றாள். தனியே வெளியே போனாள். தன் பணத்தைத் தானே செலவிட்டாள். யாரும் அதைப் பாடமாக நடத்தவில்லை. அது கதையின் பின்னணியில் இயல்பாகக் கிடந்தது. அந்த இயல்பே மனத்தைத் தொட்டது.

வாயால் கூறும் விருப்பமும் வாழ்க்கையில் செய்யும் செயலும் ஒன்றல்ல என்று இங்கே மறுப்புக் கூறலாம். அது நேரிய மறுப்பே. கேபிள் பரவிய அதே பத்தாண்டில்தான் இந்தியாவின் எண் 927இலிருந்து 919க்கு இறங்கிற்று. அரியானா 834க்கு ஏறியது. தமிழகம் 942இலிருந்து 943 என ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. தொலைக்காட்சி ஒன்றே ஏற்றும் என்றோ இறக்கும் என்றோ கூறுதல் பேதைமை. எனினும், பின்னணியாகக் கிடப்பது அறிவுரையைவிட ஆழமாக இறங்கும் என்னும் உண்மை நமக்குப் போதும்.

அவ்வுண்மையைக் கைவிளக்காகக் கொண்டு நம் தமிழ்த் தொடர்களை நோக்குவோம். குழந்தையில்லாப் பெண்ணை ‘மலடி’ என்று ஏசும் காட்சி எத்தனை? ‘வம்சம் தழைக்க வாரிசு வேண்டும்’ என்னும்போது அவ்வாரிசு ஆணாகவே எண்ணப்படுவது எத்தனை? வளைகாப்பில் பெரியவர்கள் பேரன் பிறக்க வாழ்த்துவதும், சொத்துக்காக மகன்கள் மோதுவதும், மகளுக்குச் சீர் செய்வதற்காகத் தந்தை கடன்படுவதும் பல தொடர்களில் இயல்பாக வந்துபோகின்றன. இவற்றை யாரும் போதிப்பதில்லை. பின்னணியில் கிடக்கின்றன. ஞாயிறு முற்பகலில் ‘மகள் செல்வம்’ என்று கூறிவிட்டு, திங்கள் மாலை முதல் ‘மகள் செலவு’ என்று காட்டினால், நேயர் எதை நம்புவார்?

அரசும் இதே தவற்றினின்று தப்பவில்லை. பெண்குழந்தையைக் காத்துக் கல்வி தருவதற்கெனப் ‘பேட்டி பசாவோ பேட்டி படாவோ’ திட்டம் 2015 சனவரியில் பானிப்பட்டில் தொடங்கப்பட்டது. 2016 முதல் 2019 வரை அதற்கென விடுவிக்கப்பட்ட 446.72 கோடி ரூபாயில் 78.91 விழுக்காடு ஊடகப் பரப்புரைக்கே செலவிடப்பட்டதாக நாடாளுமன்றக் குழு 2021இல் சுட்டிக்காட்டியது. கல்விக்கும் உடல்நலத்துக்கும் எஞ்சியது எவ்வளவு என்பதை மாணவரே கழித்துப் பார்க்கலாம். பரப்புரையே செயலாகிவிட்டால், செயலுக்குப் பரப்புரை தேவைப்படும் நிலை வந்துவிடும்.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டும் உண்டு. பஞ்சாபின் நவான்சகர் மாவட்டத்தில் துணை ஆணையராக இருந்த கிருசன் குமார், கருவுற்ற பெண்களைப் பதிவுசெய்து, தொலைபேசிவழி நலம் விசாரித்து, ஸ்கேன் நிலையங்களின் பதிவேடுகளைத் தணிக்கை செய்தார். பாடலுமில்லை, படமுமில்லை, பதிவேடும் கண்காணிப்புமே அங்கே பேசின. அம்மாவட்டத்தில் பெண் பிறப்பு உயர்ந்தது. நாடெங்கும் 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் 1,000 ஆண்களுக்கு 929 பெண்கள் பிறந்தனர். 2015–16இல் அது 919. சிறிதே எனினும் ஏற்றமே. விளம்பரத்தாலா, சட்டத்தாலா, கல்வியாலா என்று பிரித்தறிவது எளிதன்று. மூன்றும் சேர்ந்து இழுத்தால்தான் தேர் நகரும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

திரையை அணைத்துவிடுங்கள் என்று மாணவர்க்குச் சொல்வது பயன்தராது. திரையை வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே நம் பணி. செய்யுளைப் பொருளுணர்ந்து வாசிக்கப் பழகிய மாணவன் தொடரையும் அவ்வாறே வாசிக்கக் கூடும். அதற்கு மூன்று வினாக்கள் போதும். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர் யார், நிறுத்தப்படாமல் தப்பியவர் யார்? பெண்குழந்தை வாழவேண்டும் என்பதற்குக் கூறப்படும் காரணம் அவளைச் சார்ந்ததா, பிறரைச் சார்ந்ததா? கதையில் யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் எது? இம்மூன்றையும் கட்டுரைப் பயிற்சியாகவோ சொற்போராகவோ உயர்நிலை வகுப்புகளில் நடத்தலாம்.

நம் மொழிக்கு இதில் நல்ல மரபும் உண்டு. பிள்ளைத்தமிழுக்கு ஆண்பால், பெண்பால் என இரு கிளைகளை வகுத்து, இரண்டையும் ஒப்பப் போற்றியது நம் இலக்கியம். குமரகுருபரர் மீனாட்சியம்மையைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். பாவேந்தர் பாரதிதாசன் ஆண் குழந்தைக்கு ஒரு தாலாட்டும் பெண் குழந்தைக்கு ஒரு தாலாட்டும் தனித்தனியே எழுதினார். இவற்றைத் தேர்வுக்குரிய செய்தியாக மட்டும் கற்பித்தால் பயனில்லை. பெண்மகவைப் பாடத் தெரிந்த மொழியில், அவளைக் கணக்குப் பார்த்து விலக்கும் வழக்கமும் எவ்வாறு வளர்ந்தது என்ற வினாவோடு கற்பித்தல் வேண்டும். இலக்கியப் பெருமை செயலுக்கு ஈடாகாது என்பதையும் அவ்வினா உணர்த்தும்.

தொலைக்காட்சி ஒரு சமுதாயத்தின் மனச்சான்றைத் தட்டி எழுப்பவல்லது. அதனை நாம் மறுக்கவில்லை. 2012இல் அந்த ஞாயிறு அவ்வாறே தட்டிற்று. ஆனால், எழுந்த மனச்சான்று மறுபடியும் உறங்கிவிடாமல் காப்பது அடுத்த நாள் மாலைத் தொடரின் கையிலும் உள்ளது. ஸ்கேன் நிலையத்தின் பதிவேட்டிலும், சொத்துப் பத்திரத்தில் மகளின் பெயர் எழுதப்படும் வரியிலும் உள்ளது. பிறவாத பெண்ணுக்காகத் திரையில் சிந்தும் கண்ணீரைவிட, பிறந்த பெண்ணுக்குத் திரையிலும் வீட்டிலும் தரும் சம இருக்கையே பெரிது. விழிப்புணர்வு நிகழ்ச்சி எதனையும் இக்கோல்கொண்டே அளப்போமாக.